கறையான் அறிந்த வைரம்

பழனி மலைத்தொடரின் அடிவாரத்து ஊர் ஒன்றில், நாம் பாடம் நடத்திவந்த மதரஸாவின் பின்கட்டு அறை அது. ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முன், ரமலான் விடுமுறையும் அதனைத் தொடர்ந்த ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் கழிந்தபின், கிதாபுகளைச் சற்றே வெயிலில் காயவைக்கலாம் என்று அவ்வறையைத் திறந்தோம். சுவரிலிருந்து இறங்கிய மண்கோடுகள் தரையெங்கும் கிளைவிட்டுக் கிடந்தன. கறையான்!

அறையில் மரச்சாமான்கள் மூன்று இருந்தன. ஒன்று, காப்பி வணிகம் செய்த ஒரு குடும்பத்தார் இரு தலைமுறைகளுக்கு முன் வக்ஃபாக அளித்த வேங்கைப் பெட்டகம். இரண்டாவது, ஊரார் பணம் திரட்டித் தேக்கு என்று சொல்லி வாங்கிய அலமாரி. மூன்றாவது, கோடைக்கானலில் குடியிருந்த அன்பர் ஒருவர் ஊரைவிட்டு இறங்கும்போது நமக்கு ஈந்த பைன் பலகைப் பெட்டி. அது மலைமேல் பதினெட்டாண்டுகள் இருந்தும் ஒரு சிறு துளையும் காணாத பெட்டி என்று பெருமையுடன் சொல்லித்தான் தந்தார்.

மூன்றும் ஒரே தரையில், ஒரே மழையில் நின்றவை. வேங்கைப் பெட்டகத்தின் மீது மண்கோடு ஏறியிருந்தது; துடைத்துப் பார்த்தால் மரத்தில் கீறலும் இல்லை. அலமாரியின் சட்டங்கள் உறுதியாக நின்றன. ஆனால் முதுகுப் பலகையும் இரண்டு தட்டுகளின் ஓரங்களும் தாளைப் போல் மெலிந்திருந்தன. பைன் பெட்டியோ, விரல் பட்டதும் உள்ளே சரிந்தது. அதனுள் நாம் வைத்திருந்த அச்சுக் கிதாபுகளோடு, எம் உஸ்தாது அவர்கள் தம் கைப்பட அரபுத்தமிழில் எழுதி நம்மிடம் ஒப்படைத்த மஸாயில் ஏடும் மண்ணாய்ப் போயிருந்தது.

அந்த ஏட்டிற்கு வேறு பிரதி இல்லை. "ஒரு நகல் எடுத்து வை" என்று உஸ்தாது இருமுறை சொல்லியிருந்தார்கள். அடுத்த விடுமுறையில், அதற்கடுத்த விடுமுறையில் என்று தள்ளிக்கொண்டே வந்தோம். கறையான் விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை என்பதை அன்றே அறிந்தோம்.

அலமாரியைப் பழுதுபார்க்க வந்த முதிய ஆசாரியாரிடம், "தேக்கையும் செல் தின்னுமா, ஆசாரியாரே?" என்று கேட்டோம். அவர் ஒரு துண்டை எடுத்து நம் கையில் கொடுத்து, "ஹஜ்ரத், செல் பேரைப் பார்த்துத் தின்கிறதில்லை, வெள்ளையைப் பார்த்துத் தின்கிறது. நீங்கள் தேக்குக்குப் பணம் கொடுத்தீர்கள். உங்களுக்குக் கிடைத்தது பாதி வைரம், பாதி வெள்ளை" என்றார்.

அந்த ஒரு சொல் நம்மைப் பல நூல்களின் பக்கம் திருப்பிவிட்டது. மூன்று மரங்களுக்கு மூன்று விதமான முடிவு ஏன்? மலைமேல் பதினெட்டாண்டு பிழைத்த பெட்டி கீழே ஒரு மழையையும் தாங்காதது ஏன்? இவற்றிற்கு விடை தேடிச் சென்றபோது நாம் கண்டவற்றையே வாசக நேயர்களின் முன் வைக்கிறோம்.

கறையானை அரபியர் 'அரளா' என்பர். பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் தமீரீ, உயிரினங்களைப் பற்றித் தாம் தொகுத்த 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் பெருநூலில் இச்சிற்றுயிருக்கெனத் தனித் தலைப்பே ஒதுக்கியிருக்கிறார். நம் மரபில் இதற்கு இரண்டு பெரும் சான்றுகள் உண்டு. குறைஷியர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் குலத்தாரை விலக்கிவைத்து எழுதிக் கஃபாவினுள் தொங்கவிட்ட அநீதி ஒப்பந்தத்தை, இறைவனின் திருப்பெயர் நீங்கலாகக் கறையான் அரித்துவிட்ட வரலாறு ஸீரா நூல்களில் உள்ளது. சிறுவயதிலேயே நாம் கேட்டறிந்தது. மற்றொன்று, திருக்குர்ஆனின் 34ஆம் அத்தியாயமான ஸபாவில் வருவது. ஸுலைமான் (அலை) அவர்கள் கைத்தடியில் சாய்ந்த நிலையிலேயே உயிர் துறந்தார்கள். அவர்கள் உயிருடன் இருப்பதாகவே எண்ணி ஜின்கள் வேலை செய்துகொண்டிருந்தன. நிலத்தின் ஒரு சிற்றுயிர் அந்தத் தடியை அரித்தபின்னரே உண்மை வெளிப்பட்டது.

இவ்விடத்தில் தஃப்ஸீர் நூல்களில் வரும் ஓர் அறிவிப்பு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. அவர்கள் மறைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை அறிய மக்கள் விரும்பினார்களாம். கறையானை அத்தடியின்மீது விட்டு, ஓர் இரவும் ஒரு பகலும் அது தின்ற அளவைக் கண்டு, அவ்வளவைக்கொண்டு கணக்கிட்டு, ஓராண்டு கழிந்தது என்று முடிவு செய்தார்களாம். இவ்வறிவிப்பின் வழியை அறிஞர்கள் வலுவானதாகக் கொள்ளவில்லை. பனீ இஸ்ராயீலர் வழியாக வந்த செய்திகளுள் ஒன்றாகவே எண்ணுவர். ஆயினும் அதைக் கூறியவர்களின் சிந்தனை வியப்புக்குரியது. குறிப்பிட்ட மரத்தைக் குறிப்பிட்ட காலத்தில் கறையான் எவ்வளவு தின்னும் என்று அளக்கலாம் என்ற எண்ணம் அவர்களிடம் இருந்திருக்கிறது. இன்றைய ஆய்வுச்சாலைகள் செய்வதும் இதைத்தான்.

கறையானைப் பற்றிய புதுக்கால அறிவியலுக்கும் நம் தமிழ் மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. ஸ்வீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸின் மாணவரான யொஹான் கெர்ஹார்ட் கோனிக் என்பவர் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். 1774இல் ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா அவர்களின் ஆதரவில் இயற்கை ஆய்வாளராக அமர்ந்தார். தஞ்சைப் பகுதியில் புற்றுகளை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1779இல் பெர்லினில் வெளிவந்தது. ஆப்பிரிக்கக் கறையானைப் பற்றி ஸ்மீத்மன் இலண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் எழுதிப் புகழ்பெற்றது அதற்கு இரண்டாண்டுகள் கழித்து, 1781இல். புற்றினுள் காளான் வளர்வதைக் கண்டு எழுதிய முதல்வர் என்ற சிறப்பும் கோனிக்கையே சாரும்.

அந்தக் காளானில்தான் கறையானின் உணவு இரகசியம் இருக்கிறது. மரத்தின் உடலில் இரு பெரும் பொருள்கள் உள. ஒன்று நார்ப்பொருளான செல்லுலோஸ். மற்றொன்று அதனை இறுகப் பிணைக்கும் லிக்னின். செல்லுலோஸே கறையானுக்கு வேண்டிய உணவு. ஆனால் அதனைச் செரிக்கத் துணை வேண்டும். கறையானில் சில இனங்கள் தம் குடலில் வாழும் ஓரணு உயிர்களின் துணையால் செரிக்கின்றன. அவ்வுயிர்களை நீக்கிவிட்டால் கறையான் எவ்வளவு மரத்தைத் தின்றாலும் பட்டினியால் மடியும் என்பதை அமெரிக்க அறிஞர் கிளீவ்லண்ட் 1920களில் மெய்ப்பித்தார். நம் சமவெளியில் பெரும் புற்றுகளை எழுப்பும் இனங்களோ, தாம் தின்ற மரத்தையும் சருகையும் கொண்டு புற்றினுள் தேனடை போன்ற அமைப்பைக் கட்டி, அதில் காளானை வளர்த்து, அது பதப்படுத்திய உணவையே உண்கின்றன. மழை பெய்ததும் புற்றின்மீது முளைக்கும் புற்றுக்காளானை நம் சிற்றூர்ப் பெண்கள் பறித்துச் சமைக்கிறார்களே, அது அந்த உள்தோட்டத்தின் விளைவுதான்.

ஆகவே, மரத்தைத் தின்னும் கறையான் தனித்து உண்பதில்லை. தன்னுள்ளோ தன் புற்றினுள்ளோ வாழும் வேறு உயிர்களுக்கும் சேர்த்தே அது உணவு தேடுகிறது. அவற்றுக்கு ஒவ்வாத பொருள் மரத்தில் இருக்குமானால், அந்த மரம் அதற்குத் தீங்கு. வேலைக்காரக் கறையானுக்குப் பெரும்பாலும் கண்ணில்லை; தொட்டும் சுவைத்துமே அறிகிறது. மெல்லியது, ஈரமானது, மாச்சத்து உள்ளது எதுவோ அதை முதலில் நாடுகிறது. ஒரே பலகையிலும் வேகமாய் வளர்ந்த மெல்லிய வளையத்தைத் தின்றுவிட்டு, மெதுவாய் வளர்ந்த கெட்டியான வளையத்தை விட்டுவிடும். அரிக்கப்பட்ட பலகை புத்தகத்தின் இதழ்களைப் போல் அடுக்கடுக்காக நிற்பது இதனால்தான்.

இனி ஆசாரியார் சொன்ன வெள்ளைக்கும் வைரத்துக்கும் வருவோம். நம் முன்னோர் இவ்வேறுபாட்டைத் தெளிவாக அறிந்திருந்தனர். தொல்காப்பியத்தின் மரபியல், தாவரங்களை இரண்டாகப் பிரிக்கையில் வைரம் எங்கே இருக்கிறது என்பதையே அளவுகோலாகக் கொள்கிறது. வைரத்துக்கு அது தரும் பெயர் 'காழ்'. பனை, மூங்கில் போல வெளிப்புறத்தே காழ் உடையது புல். உள்ளே காழ் உடையது மரம். பனையின் உட்சோற்றை நீக்கிவிட்டு வெளிக்கறுப்பை மட்டும் கைமரமாக இட்ட நம் பாட்டன்மார் இலக்கணம் படித்தவர்களல்லர். எனினும் காழ் எது, சோறு எது என்று அறிந்தவர்கள்.

மரத்தின் வெளிப்பகுதியான வெண்மரம் உயிருள்ள பகுதி. வேரிலிருந்து நீரை ஏற்றுவதும், மாச்சத்தையும் சர்க்கரையையும் சேமிப்பதும் அதன் தொழில். மரம் முதிர முதிர, உள்வளையங்கள் ஒவ்வொன்றாக உயிர் நீங்குகின்றன. நீங்குமுன், தாம் சேமித்திருந்த உணவை எண்ணெய், பிசின், துவர்ப்பு, குவினோன் முதலிய பொருள்களாக மாற்றிவிடுகின்றன. அப்பொருள்கள் ஊறி நிறம் ஏறிய பகுதியே வைரம். தேக்கின் வைரத்தில் டெக்டோகுவினோன் என்னும் பொருள் உண்டு. கறையானை எதிர்ப்பதில் அதற்குப் பங்கிருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். வேங்கைக் குவளையில் இரவு ஊற்றிவைத்த நீர் காலையில் நிறம் மாறியிருப்பதை நம் வீடுகளில் நீரிழிவு நோயாளர் பலர் கண்டிருப்பர். மரம் தன்னுள் சேர்த்துவைத்த அப்பொருள்தான் நீரில் இறங்குகிறது. எம் மதரஸாவின் வேங்கைப் பெட்டகத்தைக் காத்ததும் அதுவே.

கனமான மரத்தைக் கறையான் தொடாது என்று சிலர் எண்ணுவர். அது பிழை. தேக்கு நடுத்தரக் கனமுடைய மரம்தான். புளிய மரம் அதனினும் கனத்தது. ஆயினும் அதன் வைரம் சிறிது, வெண்மரம் பெரிது. அந்த வெண்பகுதி பூச்சிக்கு எளிதில் இரையாகும். மரத்தைக் காப்பதில் கனத்தைவிட, அது தன்னுள் ஊறவைத்த பொருளுக்கே பெரும்பங்கு. அதுபோலவே, எவ்வளவு உயர்ந்த இனமாயினும் அதன் வெண்மரம் காப்பற்றது. தேக்கின் வெண்மரமும் கறையானுக்கு உணவுதான். எம் அலமாரியின் கதை இவ்வளவே.

இவ்வுண்மையை எண்ணில் நிறுவியவர்கள் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தார். 1906இல் தொடங்கப்பெற்ற அந்நிலையத்தில், இரண்டடி நீளமும் இரண்டு அங்குலச் சதுரமும் உள்ள மரத்துண்டுகளைப் பாதி மண்ணில் புதைத்து, பாதி வெளியே நிற்கவிடுவர். வரிசை வரிசையாக நடுகற்களைப் போல் நிற்பதால் இச்சோதனைக்கு 'இடுகாட்டுச் சோதனை' என்றே பெயர். கறையானும் காளானும் தின்று தீர்க்கும்வரை காலத்தைக் கணக்கிடுவர். சராசரியாக 120 மாதங்களோ அதற்கு மேலோ நிற்பவை முதல் வகை. 60 முதல் 120 மாதங்கள்வரை நிற்பவை இரண்டாம் வகை. 60 மாதங்களுக்குள் அழிபவை மூன்றாம் வகை. இந்தியத் தரநிர்ணய அமைப்பு ஏற்றுக்கொண்டுள்ள பகுப்பும் இதுவே. தேக்கு, தோதகத்தி, வேங்கை ஆகியவற்றின் வைரம் முதல் வகையைச் சாரும். மாவும் இலவும் இமயமலைப் பைன் மரமும் மூன்றாம் வகை. ஸுலைமான் (அலை) அவர்களின் தடியில் ஓர் இரவும் பகலும் அளந்ததாகச் சொல்லப்படும் கணக்கைத்தான் இவர்கள் பத்தாண்டு, பதினைந்தாண்டு என்று நீட்டி அளந்திருக்கிறார்கள்.

அப்படியானால் அந்தப் பைன் பெட்டி மலைமேல் பதினெட்டாண்டு பிழைத்தது எப்படி? இதற்கு விடை மரத்தில் இல்லை, மலையில் இருக்கிறது. கோடைக்கானல் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது. மார்கழி, தை இரவுகளில் அங்கே உறைபனி படிவதுண்டு. கறையான் வெப்பநாட்டு உயிர். உயரம் ஏற ஏற அதன் இனங்கள் குறைந்துகொண்டே போகும். வத்தலக்குண்டிலும் பெரியகுளத்திலும் வேலிக்காலை ஓராண்டில் அரிக்கும் கூட்டம் அங்கே இல்லை. அந்த அன்பர் பெட்டியின் பெருமை என்று எண்ணியது குளிரின் பெருமைதான்.

ஆனால் குளிர்நாட்டில் மரத்துக்கு வேறு பகை உண்டு. அது ஈரமும் பூஞ்சணமும். மலைமுகில் வீட்டுக்குள் புகுந்து போகும் ஊரில், அப்பெட்டியின் அடிப்பலகையில் பூஞ்சணம் பற்றியிருந்தது, துடைத்துவிட்டுப் பயன்படுத்தினோம். அமெரிக்காவில் விஸ்கான்சின் அறிஞர்கள் 1961இல் வெளியிட்ட ஆய்வில், பழுப்பு அழுகலை உண்டாக்கும் ஒருவகைப் பூஞ்சணம் பற்றிய மரம் கறையானைத் தன்பால் ஈர்க்கிறது என்று காட்டினர். மென்மரம், அதிலும் பூஞ்சணம் தொட்ட மரம், அதைக் கொண்டுவந்து கறையான் மலிந்த மண்தரையில் வைத்தோம். விருந்துக்கு அழைத்துவிட்டு விருந்தினரை நொந்துகொள்வதில் பயனென்ன?

பைன் மரம் பழனி மலைக்கு உரியதே அன்று. அது அங்கே வந்த வரலாறும் நாம் அறிந்துகொள்ள வேண்டியது. மதுரையில் காய்ச்சலாலும் பேதியாலும் தம்மவரை இழந்த அமெரிக்கப் பாதிரிமார், குளிர்ந்த இடம் தேடி மலையேறி, 1845இல் நீபோ குன்றின் அடியில் சன்னிசைடு, ஷெல்டன் என்னும் இரு வீடுகளைக் கட்டினர். கோடைக்கானல் நகரின் தொடக்கம் அதுவே. அந்நாளில் மலையுச்சி பரந்த புல்வெளியாகவும், பள்ளத்தாக்குகளில் மட்டும் அடர்ந்த சோலைக் காடாகவும் விளங்கியது. செண்பகனூர் என்னும் ஊர்ப்பெயர் அச்சோலைகளின் செண்பகத்தை இன்றும் நினைவூட்டுகிறது. 1852இல் மேஜர் பார்ட்ரிட்ஜ் என்பார் ஆஸ்திரேலியாவின் தைல மரத்தையும், சீகை என்று நம்மவர் வழங்கும் வாட்டில் மரத்தையும் கொண்டுவந்தார். 1863இல் மதுரையின் முன்னாள் கலெக்டர் லெவிஞ்சு ஓடையை மறித்து ஏரியை அமைத்தார். 1906இல் பிரயண்ட் என்னும் வன அதிகாரி பைன் தோப்பை உருவாக்கத் தொடங்கினார். விறகுக்கும் பலகைக்கும் விரைந்து வளரும் மரம் தேவை என்பது அவர்களின் கணக்கு.

இக்கணக்கில் நமக்கும் பங்கில்லை என்று சொல்வதற்கில்லை. சீகை மரத்தின் பட்டையில் தோல் பதனிடும் துவர்ப்பு மிகுதி. விடுதலைக்குப் பின் மலையின் புல்வெளிகளில் சீகை பெருகப் பயிரிடப்பட்டதற்கு அந்தப் பட்டையே முக்கியக் காரணம். திண்டுக்கல்லிலும் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் தொழிலால் வாழ்ந்த நம் குடும்பங்கள் எத்தனை! அத்தொழில் மதரஸாக்களையும் பள்ளிக்கூடங்களையும் எழுப்பியது, நன்றியோடு நினைக்கவேண்டியதுதான். ஆயினும் நட்ட இடத்தோடு சீகை நிற்கவில்லை. புல்வெளியை விழுங்கிச் சோலையின் எல்லைவரை பரவிவிட்டது. 1985இல் தோன்றிய பழனி மலைப் பாதுகாப்பு மன்றமும், செண்பகனூர் இயேசு சபையைச் சார்ந்த தாவரவியலாளர்களும் இதனை எடுத்துரைத்தனர். அவ்வறிஞருள் ஒருவரான மாத்யூ பாதிரியார், கோடைக்கானலில் குடியேறிய அயல் தாவரங்களுக்கெனவே 1969இல் ஒரு நூல் எழுதினார். 2013இல் மலையின் பெரும்பகுதி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

மேலே இவ்வாறு மென்மரங்கள் பெருகிய அதே காலத்தில், அடிவாரக் காடுகளிலும் மேற்கு மலைகளிலும் வேங்கையும் தோதகத்தியும் தேக்கும் குறைந்துவந்தன. கப்பலுக்கும் கட்டடத்துக்கும் வெட்டித் தீர்ந்த தேக்கை ஈடுசெய்யவே 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் நடப்பட்டது. தோதகத்தியைக் காக்கத் தமிழக அரசு 1994இல் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது. நூறாண்டு நின்று வைரம் ஏறிய மரம் அரிதாயிற்று; பதினைந்து, இருபது ஆண்டுகளில் வெட்டும் மரம் பெருகிற்று. இளமரத்தில் வெண்மரத்தின் பங்கு மிகுதி. தேக்கு என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

மரம் தானே செய்துகொள்ளாத காப்பை மனிதன் செய்ய முற்பட்டான். டேராடூனில் பணியாற்றிய சொந்தி காமேசம் என்னும் நம் நாட்டு அறிஞர் 1933இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் உப்புகளைச் சேர்த்து 'ஆஸ்கூ' என்ற மருந்தைக் கண்டார். அதனை அழுத்தத்தால் மரத்தினுள் செலுத்தினால் மூன்றாம் வகை மரமும் பல்லாண்டு நிற்கும். உலகெங்கும் தந்திக்கம்பங்களைக் காத்த கண்டுபிடிப்பு அது. ஆனால் ஆர்சனிக் நஞ்சல்லவா? அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் இறுதியோடு குடியிருப்பு வேலைகளில் அதன் பயன்பாடு கைவிடப்பட்டது. அடித்தளத்து மண்ணில் ஊற்றிவந்த ஆல்டிரின் என்ற நஞ்சை இந்திய அரசு 1996இல் தடை செய்தது. அது மண்ணிலும் மனித உடலிலும் நெடுநாள் தங்குவது தெரியவந்ததே காரணம். மரம் தன் வைரத்தை ஊறவைக்கத் தலைமுறைகள் எடுத்துக்கொள்கிறது. நாம் ஒரே நாளில் ஊறவைக்க முயன்றதற்கு விலை கொடுக்க வேண்டியதாயிற்று.

நம் பழைய கிதாபுகளைப் புரட்டியவர்கள், சிலவற்றின் முதல் ஏட்டில் 'யா கபீகஜ்' என்று எழுதியிருப்பதைக் கண்டிருக்கலாம். புத்தகத்தைப் பூச்சியிலிருந்து காக்கும்படி வேண்டும் சொல்லாக அதனை எழுதினர். கபீகஜ் என்பது பூச்சிகளின் அரசன் என்றும், ஒரு ஜின்னின் பெயர் என்றும் சொல்லிக்கொண்டவர்கள் உண்டு. ஆராய்ந்தால், அது நச்சுத்தன்மையுள்ள ஒரு செடியின் பெயர். முதலில் அச்செடியையே ஏடுகளுக்கிடையே வைத்திருக்க வேண்டும். காலப்போக்கில் செடி போய்ப் பெயர் மட்டும் எஞ்சியது என்பது அறிஞர்களின் கருத்து. பெயரை எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடியவர்களுக்கும், தேக்கு என்ற பெயரைக் கேட்டுப் பணம் கொடுத்த நமக்கும் என்ன வேறுபாடு? மூடநம்பிக்கை என்று அவர்களைப் பேசிவிட்டு, அதையே வேறு வடிவில் நாம் செய்திருக்கிறோம்.

ஆகையால் நம் குடும்பங்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இது. மரம் வாங்கும்போது பெயரைக் கேட்டதோடு நில்லாதீர்கள். பலகையின் ஓரத்தையும் முதுகையும் புரட்டி, வெளுத்த பகுதி எவ்வளவு என்று பாருங்கள். புத்தகப் பெட்டியைச் சுவரோடும் தரையோடும் ஒட்டி வைக்காதீர்கள். நான்கு காலடியிலும் கல் வைத்து, சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு சாண் விடுங்கள். கறையான் மறைவில்லாமல் நடக்காது. மண்கோடு கண்ணில் பட்டால் அன்றே கலைத்து, அது புறப்படும் இடத்தைத் தேடுங்கள். ஈரமோ பூஞ்சணமோ பற்றிய பலகையை வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். மலையிலிருந்து கொண்டுவந்த சாமானை மலைமேல் இருந்த நிலையைக் கொண்டு மதிப்பிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே பிரதியாக உள்ள கையெழுத்து ஏடு எதுவாயினும் அதற்கு உடனே நகல் எடுங்கள். நகல் எடுப்பது எளிதாகிவிட்ட இந்நாளில், எடுக்காததற்குச் சொல்ல நமக்குக் காரணமேதும் இல்லை.

உஸ்தாது அவர்களின் ஏடு முற்றாக அழிந்துவிடவில்லை என்பது எமக்குக் கிடைத்த ஆறுதல். அதைப் பாடம் கேட்ட மாணவர் ஒருவர், தொழுகையைப் பற்றிய பகுதியைத் தம் குறிப்பேட்டில் ஒழுங்காக எழுதிவைத்திருந்தார். நாம் செய்யத் தவறியதை, யாரும் சொல்லாமலே அப்பிள்ளை செய்திருந்தது. அதிலிருந்து மூன்று நகல்கள் எடுத்தோம். ஒன்று இன்று வேங்கைப் பெட்டகத்தில் இருக்கிறது. மற்ற இரண்டும் வேறு வேறு ஊர்களில் உள்ளன. ஆண்டுதோறும் ஷவ்வால் மாதத்தில் மதரஸா திறந்ததும், பாடம் தொடங்குமுன் பெட்டகத்தை முற்றத்திற்குக் கொண்டுவந்து, ஏடுகளைப் பிரித்து, மாணவர்கள் கையாலேயே தூசி தட்டச் செய்கிறோம். அப்போது அலமாரியின் அந்தத் துண்டையும் அவர்கள் கையில் கொடுப்பதுண்டு. ஒருபுறம் வைரம், மறுபுறம் வெறும் ஓடு. எது எங்கே முடிகிறது என்று அவர்களே விரலால் தடவி அறிகிறார்கள்.

முன்னோர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்களைப் பேணிக் காக்கும் வலுவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.